அமெரிக்காவில் இணையவழி கைத்துப்பாக்கி வாங்குதல்: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

அமெரிக்காவில் இணையத்தில் துப்பாக்கி வாங்கினால், பணம் கட்டியதும் பெட்டி வீட்டு வாசலில் வந்து இறங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. இணையக் கடை அனுப்பும் கைத்துப்பாக்கி, நீங்கள் வசிக்கும் மாநிலத்தில் கூட்டரசு உரிமம் பெற்ற ஒரு வணிகரின் கடைக்குத்தான் போய்ச் சேரும். அங்கே நேரில் சென்று, படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனையில் தேறிய பிறகே அது உங்கள் கைக்கு வரும். 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டமும், பின்னணிச் சோதனையைக் கொண்டுவந்த 1993-ஆம் ஆண்டின் பிரேடி சட்டமும் வகுத்த வழி இது. எனவே விலையை ஒப்பிடும் வேலை, கீழே காண்பதுபோல, சற்றுப் பின்னால்தான் வருகிறது.

படி 1: வாங்கத் தகுதி உண்டா என்று பாருங்கள்

உரிமம் பெற்ற வணிகரிடம் கைத்துப்பாக்கி வாங்கக் கூட்டரசுச் சட்டம் குறித்திருக்கும் வயது 21. குடியுரிமை உள்ளவர்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் வாங்கலாம். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகளுக்குள் வந்தாலொழிய, துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே குற்றம். நண்பருடைய துப்பாக்கியைப் பயிற்சிக் கூடத்தில் சற்று நேரம் கையில் எடுப்பதுகூட ‘வைத்திருத்தல்’ என்று கொள்ளப்படலாம் என்பதால், நம்மவர்கள் இந்த இடத்தை இருமுறை படிப்பது நல்லது. ஐயம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்ட பிறகே அடுத்த படிக்குப் போகவேண்டும்.

மாநிலச் சட்டம் இதற்கு மேல் தனி. கலிபோர்னியாவில் அரசுப் பட்டியலில் உள்ள மாடல்களையே வணிகர் புதிதாக விற்க முடியும்; பத்து நாள் காத்திருப்பும் உண்டு. இலினாயில் துப்பாக்கி வைத்திருப்போருக்கு மாநிலம் தரும் ஃபாய்டு என்ற அடையாள அட்டை வேண்டும். நியூ ஜெர்சியில் வாங்குவதற்கு முன்பே அனுமதிச் சீட்டு பெறவேண்டும்.

படி 2: திரையை மூடிவிட்டுக் கையில் எடுத்துப் பாருங்கள்

தகுதி உள்ளவர்கள் அடுத்துச் செய்யவேண்டியது, துப்பாக்கிகளை வாடகைக்குத் தரும் பயிற்சிக் கூடத்துக்குப் போய், பயிற்றுநர் ஒருவர் அருகில் இருக்க, இரண்டு மூன்று மாடல்களைச் சுட்டுப் பார்ப்பது. கைப்பிடி உள்ளங்கையில் உட்காருகிறதா, பிடியை மாற்றாமல் சுட்டுவிரல் நுனி விசையைத் தொடுகிறதா, துப்பாக்கியின் மேற்புறம் நகரும் உலோகப் பகுதியான ஸ்லைடை முழுவதுமாகப் பின்னுக்கு இழுக்க முடிகிறதா என்பவை எந்த இணையப் பட்டியலிலும் இருக்காது. ஸ்லைடை இழுக்கத் திணறுகிறவர்களுக்கென்றே ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் ஷீல்டு ஈ.இசட். என்ற வரிசையை வைத்திருக்கிறது.

படி 3: மாடல்களை ஒப்பிடுங்கள்

பரவலாக அறியப்பட்ட மூன்றை எடுத்துக்கொள்வோம். மூன்றும் 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கானவை. ஆஸ்திரிய நிறுவனத்தின் கிளாக் 19, ஏறத்தாழ 4 அங்குலக் குழலும் 15 தோட்டா கொள்ளும் மேகசினும் உடையது. வழக்கமான வடிவத்தில், தவறிச் சுடுவதைத் தடுக்கத் தனியாகத் தள்ளிவிடும் சேஃப்டி அதில் கிடையாது, பாதுகாப்பு அமைப்புகள் விசையோடு சேர்ந்தே இயங்கும். 2018-இல் வெளிவந்த சிக் சாவர் பி365, குழல் 3.1 அங்குலமே உள்ள சிறிய துப்பாக்கி. அடிப்படை மாடலின் மேகசின் 10 தோட்டா கொள்ளும். பெரெட்டா 92 இவற்றைவிடப் பெரியது, கனமானது. முதல் முறை விசையை நீளமாகவும் அழுத்தமாகவும் இழுக்கவேண்டும், அதன் பிறகு இலேசாக இழுத்தால் போதும்.

சிறியதுதான் புதியவருக்கு எளிது என்ற எண்ணம் கடைகளிலேயே புழங்குகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தோட்டா ஒன்றாகவே இருக்கும்போது துப்பாக்கியின் எடை குறையக் குறைய உதைப்பு கையில் கூடுதலாகத் தெரியும். குழல் குட்டையானால் குறி பார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் உள்ள இடைவெளியும் குறைவதால், குறி பார்ப்பதில் நேரும் சிறு பிசகும் இலக்கில் பெரிதாகும். பயிற்சிக்காகவே வாங்குகிறவருக்கு நடுத்தர அளவே பொருத்தம் என்பது என் கருத்து. மலிவாகப் பழகவேண்டுமானால், .22 தோட்டாவுக்கான ரூகர் மார்க் 4 போன்றதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: முழு விலையைக் கூட்டுங்கள்

பிரௌனெல்ஸ், பால்மெட்டோ ஸ்டேட் ஆர்மரி போன்றவை தாமே விற்கும் கடைகள். கன்ப்ரோக்கர் ஏலச் சந்தை. அங்கே விற்பவர் வேறு வேறு ஆட்கள் என்பதால், விற்பவரின் மதிப்பீட்டையும் திருப்பித் தரும் விதிகளையும் தனியாகப் படிக்கவேண்டும். மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் மேகசின் எத்தனை வருகிறது, ஆப்டிக் எனும் குறிபார்க்கும் கருவியைப் பொருத்த ஸ்லைடு வெட்டப்பட்டிருக்கிறதா, புதியதா பழையதா என்பவற்றைப் பொருள் எண்ணை வைத்துச் சரிபாருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: இணையத்தில் 499 டாலர், அனுப்பும் செலவு 20, உங்கள் பெயருக்கு மாற்றித் தர உள்ளூர் வணிகர் வாங்கும் கட்டணம் 40 என்றால், விற்பனை வரிக்கு முன்பே 559 டாலர் ஆகிறது. அதையே பக்கத்துக் கடையில் 549-க்கு வைத்திருந்தால் இணையத்தில் தேடியது வீண். கைத்துப்பாக்கிக்கான 10 சதவீதக் கூட்டரசு ஆயத்தீர்வை தயாரிப்பாளர் நிலையிலேயே விலையில் சேர்ந்துவிடும். கலிபோர்னியாவில் 2024 ஜூலை முதல் 11 சதவீத மாநிலத் தீர்வையும் இருக்கிறது.

படி 5: பணம் கட்டுமுன் வணிகரைப் பேசி வையுங்கள்

உரிமம் பெற்ற உள்ளூர் வணிகரைத் தொலைபேசியில் அழைத்து, வெளிக்கடைச் சரக்கை ஏற்பாரா, கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். அவருடைய உரிம நகல் இணையக் கடைக்குப் போயாகவேண்டும். “உரிமம் வேண்டாம், வீட்டுக்கே அனுப்புகிறோம்” என்றும், கிரிப்டோவிலோ ஜெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவையிலோ மட்டும் பணம் கேட்டும், சந்தை விலையில் பாதிக்கு விற்கும் தளம் மோசடி, தயங்காமல் வெளியேறிவிடுங்கள். உரிம எண் உண்மையானதா என்பதை துப்பாக்கி வணிகர்களுக்கு உரிமம் தரும் கூட்டரசு அமைப்பான ஏ.டி.எஃப்.-இன் ஈசி செக் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

படி 6: கடையில் கையெழுத்திடுமுன்

தற்போதைய முகவரி உள்ள அரசு அடையாள அட்டையைக் கொண்டு செல்லுங்கள். வீடு மாறியும் ஓட்டுநர் உரிமத்தை மாற்றாதவர்கள் இங்கேதான் திரும்பி வர நேர்கிறது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்குக் குடியேற்றப் பதிவு எண்ணும் தேவை. கடையில் நிரப்பவேண்டிய 4473 என்ற கூட்டரசுப் படிவத்தில், உண்மையாக வாங்குபவர் நீங்கள்தானா என்ற கேள்வி இருக்கும். வேறொருவர் பணத்தில் அவருக்காக உங்கள் பெயரில் வாங்குவது கூட்டரசுக் குற்றம். அவர் துப்பாக்கி வைத்திருக்கத் தடை உள்ளவர் என்று தெரிந்தே வாங்கினால், 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி 15 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

பெட்டியைத் திறந்து, சட்டகத்தில் பொறித்த வரிசை எண்ணும் பெட்டியின் எண்ணும் ஒன்றா, மேகசின்கள் எல்லாம் இருக்கின்றனவா, ஸ்லைடில் கீறலோ துருவோ உண்டா என்று வணிகர் முன்னிலையில் பாருங்கள். குறை இருந்தால் அங்கேயே மறுத்துவிடலாம். உரிமை உங்கள் பெயருக்கு மாறிய பிறகு பெரும்பாலான இணையக் கடைகள் திரும்பப் பெறுவதில்லை. தயாரிப்பாளரின் உத்தரவாதத்தைத்தான் நாடவேண்டியிருக்கும். பூட்டு அல்லது பாதுகாப்புப் பெட்டி ஒன்றைக் கைத்துப்பாக்கியோடு தரவேண்டியது வணிகரின் கடமை. பெட்டிக்குள் வரும் கம்பிப் பூட்டு மெல்லியது. குழந்தைகள் உள்ள வீடென்றால், துப்பாக்கி வந்து சேருமுன்பே எஃகுப் பெட்டகம் ஒன்றை வாங்கிச் சுவரிலோ தரையிலோ பொருத்தி வைத்துவிடுங்கள்.