கட் பீஸ் அலுமினியத்தில் கைக்கடக்கமான கம்ப்யூட்டர் கேஸ்

அலுமினியத்தில் சொந்தமாகக் கேஸ் செய்யப் போகிறேன் என்று யார் கிளம்பினாலும் முதல் கவலை ஷீட்டை எப்படி வளைப்பது என்பதுதான். வளைக்கவே வேண்டாம். கையால் வளைத்தால் மடிப்பு நேராக வராது, மடிப்பின் வளைவு அளவில் ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தின்றுவிடும், 6061-டி6 மாதிரி கடினமான ரகம் கையில் மாட்டினால் மடிப்பிலேயே விரிசல் விடும். ஆங்கிளில், அதாவது எல் வடிவப் பட்டையில், ஒரு சட்டம், அதன்மேல் ஆறு தட்டைத் தகடு, நிறைய எம்3 (3 மி.மீ.) ஸ்க்ரூ. கேஸ் அவ்வளவுதான்.

இந்த முறைக்கு நம் பக்கம் ரொம்பத் தோது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வாளையார் என்று பாலக்காடு-கோவை எல்லையோரத்தில் எந்த ஊரை எடுத்தாலும் ஜன்னலும் சமையலறை அலமாரியும் செய்து தரும் அலுமினியம் ஃபேப்ரிகேஷன் கடை ஒன்றாவது இருக்கும், அதன் பின்பக்கம் கட் பீஸ் குவிந்து கிடக்கும். "சேட்டா, ஆங்கிள் கட் பீஸ் உண்டோ" என்று கேட்டால் எடை போட்டுத் தருவார்கள். ஜன்னல் செக்‌ஷன் பெரும்பாலும் 6063 ரகம், அறுக்கவும் துளைக்கவும் சாது. 12க்கு 12 மி.மீ. ஆங்கிள் கேளுங்கள், கனம் 3 மி.மீ. இருக்கட்டும். எம்3 மரை ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் இடைவெளி, அதனால் 3 மி.மீ. கனத்தில் ஆறு மரை பிடிக்கும், ஒன்றரையில் மூன்றுதான் பிடிக்கும், நாலு தடவை கழற்றி மாட்டினால் உரிந்துவிடும். தகடு 2 மி.மீ. போதும். தகட்டைக் கேட்கும்போது ஏசிபி ஷீட்டைத் தூக்கிக் கொடுத்துவிடப் போகிறார்கள், பார்த்து வாங்குங்கள். அது இரண்டு மெல்லிய அலுமினியத்துக்கு நடுவில் பிளாஸ்டிக் வைத்தது, பெயர்ப்பலகைக்கு ஆகும், இதற்கு ஆகாது.

ஆங்கிளை அந்தக் கடை மெஷினிலேயே அளவுக்கு அறுத்து வாங்கிவிடுங்கள். ஒரு ஸ்டாப் வைத்து ஒரே மாதிரி துண்டுகளை வரிசையாக அறுத்தால் எல்லாம் ஒரே நீளம் வரும், ஆக்சா பிளேடால் அந்தச் சுத்தம் வராது. சட்டம் கோணினால் அப்புறம் எந்தத் தகடும் பொருந்தாது.

சரி, அளவு. மினி ஐடிஎக்ஸ் என்னும் சின்ன மதர்போர்டு 170க்கு 170 மி.மீ., 2001இல் வியா கம்பெனி கொண்டுவந்தது, இன்றும் மாறவில்லை. கேஸின் உள்ளளவு 200 அகலம், 200 ஆழம், 65 உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே சுமார் 2.6 லிட்டர் இடம். உயரம் எப்படி வந்தது என்றால், போர்டைத் தகட்டில் படாமல் தூக்கி நிறுத்தும் குட்டித் தூண்களான ஸ்டாண்ட் ஆஃப் 6.5, போர்டு 1.6, சாக்கெட்டும் பிராசசரும் சேர்ந்து ஏறக்குறைய 8, நாக்டுவா என்எச்-எல்9ஐ மாதிரி தட்டையான கூலர் 37. மொத்தம் 53. மிச்சம் 12 மி.மீ. ஃபேன் மூச்சுவிட. பவருக்கு பிகோ பிஎஸ்யு மாதிரி சின்ன டிசி போர்டும் வெளி அடாப்டரும் போதும், டிசி போர்டு கேட்பது 12 வோல்ட்டா 19 வோல்ட்டா என்று பார்த்து அடாப்டர் வாங்குங்கள். எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளை உள்ளே வேண்டும் என்றால் அதற்கே 125க்கு 100க்கு 63.5 மி.மீ. ஒதுக்க வேண்டும், 230 வோல்ட்டும் பெட்டிக்குள் வந்துவிடும், எர்த் வயரைத் தகட்டோடு இறுக்கியே ஆக வேண்டும். முதல் கேஸுக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி.

சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. மேலே நான்கு பக்கமும் ஆங்கிள், மூலைக்கு ஒன்றாக நான்கு நிற்கும் துண்டு, ஆனால் கீழே மூன்று பக்கம் மட்டும். பின்பக்கம் கீழே ஆங்கிள் வைத்தால் அதன் 12 மி.மீ. காது போர்டைவிட உயரமாக நின்று, போர்டைப் பின் தகட்டோடு ஒட்ட விடாது.

வேலையில் பாதி அந்தப் பின் தகடுதான். போர்டின் பின்பக்க யுஎஸ்பி மாதிரி சாக்கெட்டுகளைச் சுற்றி உட்காரும் மெல்லிய தகடான ஐஓ ஷீல்டுக்கான ஓட்டை 158.75க்கு 44.45 மி.மீ., அதைச் சுற்றி இரண்டரை மில்லிமீட்டருக்கு ஸ்க்ரூவோ ஆங்கிளோ வராமல் வெறும் தகடாக விட வேண்டும். போர்டோடு தனியாக வரும் ஷீல்டு கிளிக் என்று உட்கார வேண்டுமானால் தகட்டின் கனம் 0.94 முதல் 1.32 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், 2 மி.மீ. தகட்டில் அது பிடிக்காது. அதனால் பின்பக்கத்துக்கு மட்டும் 1.2 மி.மீ. வாங்குங்கள். போர்டிலேயே ஷீல்டு பொருத்தி வந்திருந்தால் இந்தத் தலைவலி இல்லை. ஓட்டையின் இடத்தைக் கணக்குப் போட்டுத் தேட வேண்டாம். கீழ்த் தகட்டில் போர்டை ஸ்டாண்ட் ஆஃப் மேல் நிறுத்தி, பின் தகட்டை ஒட்டிப் பிடித்து, ஷீல்டை வைத்து நேரடியாகக் கோடு கீறுங்கள். ஸ்டாண்ட் ஆஃப் துளைகளுக்கும் இதே வழிதான், வெற்றுப் போர்டைத் தகட்டில் வைத்து அதன் துளை வழியே குறியிடுங்கள். நான்கு துளையும் சரியான சதுரமாக இருக்காது, ஒன்று விலகி நிற்கும், அதை நினைவில் வையுங்கள்.

கோட்டுக்கு உள்ளே ஒரு மில்லிமீட்டர் தள்ளி 3 மி.மீ. துளைகளாக நெருக்கமாகப் போட்டு, நடுத்துண்டைப் பெயர்த்து எடுத்து, மிச்சத்தை அரத்தால் கோடு வரை இழையுங்கள். அலுமினியத்தூள் அரத்தின் பல்லில் ஒட்டிக்கொண்டு தகட்டில் கீறல் போடும், அரத்தில் முன்கூட்டியே சாக்பீஸ் தேய்த்தால் ஒட்டாது. மூலைக்கு முக்கோண அரம். அவசரப்பட்டுக் கோட்டைத் தாண்டினால் தகடு போச்சு.

மரைக்கு 2.5 மி.மீ. துளை, அதில் மரை வெட்டும் எம்3 டேப். ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று போனால் டேப் உடையாது. தகட்டையும் ஆங்கிளையும் கிளாம்ப் போட்டு ஒன்றாகப் பிடித்து 2.5 துளையிட்டு, பிறகு தகட்டில் உள்ளதை மட்டும் 3.2 ஆக்குங்கள், இரண்டு துளையும் நேருக்கு நேர் வரும். ஒவ்வொரு துளையிலும் பிசிறு எடுக்க மறக்காதீர்கள், பெரிய டிரில் பிட்டைக் கையால் இரண்டு சுற்று சுற்றினாலே போதும்.

அலுமினியக் கேஸ் தானாகவே குளிரும் என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் உண்டு. பிராசசர் கேஸைத் தொடுவதில்லை, நடுவில் காற்றுதான், ஓட்டை இல்லாவிட்டால் அது இட்லிப் பானை. பாலக்காட்டில் மார்ச், ஏப்ரலில் வெளிக்காற்றே 40 டிகிரியைத் தொடும், உள்ளே போவதும் அந்தக் காற்றுதான். மேல் தகட்டில் ஃபேனுக்கு நேராக 92 மி.மீ. வட்டம் வரைந்து, கிராஃப் தாளை ஒட்டி, 7 மி.மீ.க்கு ஒரு குறி என்று சென்டர் பஞ்ச் அடித்து 4 மி.மீ. துளைகளாகப் போடுங்கள். பக்கத் தகடுகளிலும் வெளியேற வரிசையாகத் துளைகள். சலிப்பான வேலை, பாட்டுப் போட்டுக்கொண்டு செய்யலாம்.

முன்பக்கம் 16 மி.மீ. ஓட்டையில் ஸ்விட்ச். அழுத்தினால் திரும்பி வரும் ரகமாகப் பார்த்து வாங்குங்கள், அழுத்தி நிற்கும் ரகம் போட்டால் சில நொடியில் கம்ப்யூட்டரே அணைந்துவிடும்.

மெருகுக்கு உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றி 220, 400, 600 என்று ஒரே திசையில் இழுங்கள். அலுமினியத்தின் மேல் கடினப் படலம் ஏற்றிச் சாயம் பிடிக்க வைக்கும் ஆனடைசிங் செய்யக் கோவைப் பக்கம் பட்டறைகள் உண்டு, ஆனால் ஜன்னல் ஆங்கிளும் ஷீட்டும் வேறு வேறு ரகம் என்பதால் ஒரே சாயத்தில் முக்கினாலும் நிறம் சற்று மாறி வரும். ஆனடைசிங் படலத்தில் மின்சாரம் போகாது, போர்டுக்கும் கேஸுக்கும் மின்தொடர்பு கிடைக்க ஸ்டாண்ட் ஆஃப் உட்காரும் இடத்தில் அதைச் சுரண்டிவிடுங்கள்.

போர்டை ஏற்றுவதற்கு முன் எல்லாத் தகடுகளையும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள், ஒரு சுருள் தூள் போர்டுக்கு அடியில் சிக்கினாலும் ஷார்ட்தான். ரப்பர் கால் ஒட்டி, மூடியைத் திறந்து வைத்து அரை மணி நேரம் முழு லோடில் ஓட்டி வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு மூடி ஓட்டுங்கள். வித்தியாசம் ஐந்தாறு டிகிரியைத் தாண்டினால் போர்டை வெளியே எடுத்துவிட்டுப் பக்கத் தகட்டில் இன்னும் இரண்டு வரிசை துளை போடுங்கள்.