காட்டுக்கோழி விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களில் விடியற்காலையில் நடப்பவர்களுக்குக் காட்டுக்கோழி புதிதல்ல. உதிரிப் பழங்களைக் கொத்திக்கொண்டிருக்கும். ஆள் அரவம் கேட்டால் மட்டை அடுக்குகளுக்குள் புகுந்து மறைந்துவிடும். தினமும் பார்ப்பதாலேயே அதை முழுதாக அறிந்துவிட்டதாக நினைக்கிறோம்.

தமிழ்நாட்டுப் புத்தகங்களில் படித்ததை இங்கே பொருத்துவது முதல் தவறு. அங்கிருப்பது சாம்பல் காட்டுக்கோழி; அது இந்தியாவுக்கு மட்டுமே உரியது. இங்கே திரிவது சிவப்புக் காட்டுக்கோழி. மலாய்க்காரர்கள் 'ஆயாம் ஹூத்தான்' என்பது இதைத்தான். வீட்டுக்கோழிகளின் முதன்மையான மூதாதையும் இதுவே.

செந்நிறச் சேவலெல்லாம் காட்டுச்சேவல் அல்ல. நிறத்தை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள்: காட்டுச்சேவலுக்கு ஈயச் சாம்பல் நிறக் கால். வாலின் அடியில் வெள்ளைத் திட்டு. கூவலின் கடைசி அசை சட்டென்று அறுந்துவிடும். மஞ்சள் கால் தெரிந்தால் வீட்டுக்கோழி ரத்தம் கலந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். வீட்டுக்கோழிக்கு அந்த மஞ்சள் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. நம் பாட்டன்மார் ஊர்க் காட்டுப் பறவையின் நிறம் பேராக் வரை வந்து சேர்ந்திருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

"அண்ணே, சேவலுக்குச் சீக்கு போலிருக்கிறது" என்று பக்கத்து வீட்டுப் பையன் ஒருமுறை என்னை அழைத்துப்போய்க் காட்டினான். கழுத்தில் பொன்னிற இறகுகள் இல்லை. கருத்த குட்டை இறகுகள். கொண்டையும் சுருங்கியிருந்தது. அது நோய் அல்ல. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் காட்டுச்சேவல் அப்படித்தான் உடை மாற்றும். வீட்டுச்சேவலுக்கு இந்த வழக்கம் இல்லை. கலப்புச் சேவல்களிலும் பெரும்பாலும் காணாது. ஆகவே அந்த மங்கிய கோலம் கலப்பில்லாத பறவைக்கு நல்ல அடையாளம். பிடித்து மருந்து கொடுக்கப் போகாதீர்கள்.

தரையில் முட்டைகளைக் கண்டால் 'தாய் விட்டுப் போய்விட்டது' என்று எடுத்துவந்து நாட்டுக்கோழியிடம் அடைக்கு வைப்பவர்கள் உண்டு. பெட்டை பக்கத்துப் புதரில்தான் இருக்கும். நீங்கள் விலகினால் திரும்பிவரும். பொரித்த குஞ்சுகள் விரைவிலேயே தாயின் பின்னால் ஓடத் தொடங்கிவிடும். கறையானையும் எறும்பையும் கிளறித் தின்ன அவளோடு திரிந்துதான் பழகுகின்றன. கூண்டில் வளர்பவை ஆள் வந்தாலே மிரண்டு கம்பியில் மோதிக்கொள்கின்றன.

எல்லாவற்றிலும் கெடுதல் அதிகம் செய்வது, வேண்டாத சேவலைக் காட்டோரத்தில் விட்டுவிடுவது. பாவம், பிழைத்துப்போகட்டும் என்ற இரக்கத்தில்தான் செய்கிறோம். ஆனால் அது காட்டுப் பெட்டையோடு சேர்ந்தால் பிறப்பவை கலப்புக் குஞ்சுகள். சில தலைமுறைகளில் சாம்பல் காலும் மங்கிய கோலமும் அந்த ஓரத்திலிருந்தே மறையலாம். பறவையை யாரும் சுட வேண்டியதில்லை, இதுவே போதும். உரிமம் இல்லாமல் வேட்டையாடுவதை 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. வீட்டுச்சேவலைத் தடுப்பது நம் வேலி மட்டும்தான். மாலையில் கோழிகளைக் கூட்டில் அடைக்கும்போது சேவல்களை ஒருமுறை எண்ணிவிடுங்கள்.