‘கலக்கிட்டா’ என்று எழுதினால் போச்சு: மிகுபுனைவு வெப்காமிக்கைக் கூட்டாகப் படித்துப் பேச ஒரு கையேடு

முகமூடி அணிந்த ஒரு படைத்தலைவர் 50 அத்தியாயங்களாக யாரென்றே தெரியாமல் கதையில் உலவுகிறார் என்று வையுங்கள். ஆங்கில வசனத்தில் எல்லோரும் அவரைக் ‘கேப்டன்’ என்றே அழைக்கிறார்கள். 52ஆம் அத்தியாயத்தில் முகமூடி கழல்கிறது. அதை முதலில் படித்தவர், கதை எதையும் சொல்லாமல் குழுவில் ஒரே ஒரு வரி போடுகிறார்: ‘கேப்டன் கலக்கிட்டா!’ அவ்வளவுதான். ‘கலக்கிட்டான்’ இல்லை, ‘கலக்கிட்டாரு’ இல்லை. மீதி ஏழு பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

மிகுபுனைவு (ஃபேன்டஸி) வெப்காமிக்கை, அதாவது இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வரும் படக்கதையை, ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் பேசும் குழுக்களுக்கே உரிய தலைவலி இது. நம் வினைமுற்று பால் காட்டும், மரியாதை காட்டும். ஆங்கிலம் மறைத்ததை நாம் வாய் திறந்ததுமே கொட்டிவிடுவோம். ஸ்பாய்லர், அதாவது கதைத் திருப்பத்தை முன்கூட்டியே போட்டுடைப்பது, பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் விதிகள் இதற்குப் போதாது.

செய்ய வேண்டியது இது. படிக்கத் தொடங்கும் நாளிலேயே ‘அவர் பட்டியல்’ ஒன்றைக் குழுவின் உச்சியில் நிற்கும்படி ‘பின்’ செய்து வையுங்கள். முகம், பால், அடையாளம் எது மறைந்திருந்தாலும் அந்தப் பாத்திரம் ‘அவர்’தான், வினையும் ‘வந்தார், அடித்தார்’தான். பேசும் விலங்கு, ஆவி, மனித உருவெடுக்கக்கூடிய டிராகன் ஆகியவற்றையும் இதில் சேர்க்க வேண்டும். ‘அது’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர் திடீரென ‘அவன்’ என்றால் உருமாற்றம் அம்பலம். பட்டியலில் உண்மையில் தேவைப்படும் பெயர்கள் மூன்று என்றால், சும்மா இன்னும் மூன்று நான்கு பெயர்களைக் கலந்துவிடுங்கள். இல்லாவிட்டால் பட்டியலில் இருப்பதே துப்பாகிவிடும். கதையை முன்பே படித்து முடித்த ஒருவர் இந்தப் பட்டியலைப் போடுவது நல்லது. அவர் வாயை மூடிக்கொண்டிருக்கக்கூடியவராக இருப்பது அதைவிட நல்லது.

‘எல்லாரையும் அவர் என்றே சொல்லிவிடலாமே’ என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். பிடித்த பாத்திரத்தை ‘அவன் இவன்’ என்று உரிமையோடு பேசுவதில்தான் பாதிச் சுகம்.

காலமும் காட்டிக்கொடுக்கும். ‘எவ்வளவு நல்லவனா இருந்தான்’ என்றால் ஆள் காலி என்று பொருள். பாத்திரத்தின் குணத்தைப் பற்றிப் பேசும்போது, வெளிப்படையாகப் பேசத் தடையுள்ள ‘பூட்டுக்காலம்’ முடியும்வரை நிகழ்காலம் மட்டும்: ‘நல்லவனா இருக்கான்’. அழுகை எமோஜிக்கும் இதே விதி.

பூட்டுக்காலத்தை எப்படிக் கணக்கிடுவது?

புதிய அத்தியாயம் வந்தபிறகு எத்தனை நேரம் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசக்கூடாது என்பதே பூட்டுக்காலம். அது எப்போது தொடங்குகிறது என்பதில்தான் சண்டை வரும். கொரியத் தொடர்களுக்குக் கணக்காகும் சோல் நேரம், சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு ஒரு மணி முன்னால். அங்கே நள்ளிரவில் வெளியாகும் ‘திங்கட்கிழமைத் தொடர்’ நமக்கு ஞாயிறு இரவு 11 மணிக்கே வந்துவிடும். அமெரிக்கக் கிழக்குக்கரை நள்ளிரவு என்றால் இங்கே நண்பகல் 12. அதுவும் கோடைநேரம் நடப்பில் இருக்கும்வரைதான். நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு 1 மணியாகும். மார்ச் இரண்டாம் ஞாயிறு மீண்டும் 12க்குத் திரும்பும். ஆண்டுதோறும் நவம்பரில் ‘இன்னும் வரலையே, லீவா?’ என்று யாராவது கேட்பதற்குக் காரணம் இதுதான். ஆகவே ‘இரண்டு நாள்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், சிங்கப்பூர் நேரத்தில் ஒரு கிழமையும் மணியும் குறித்துவிடுங்கள்.

சனிக்கிழமை இரவு 8 மணி பெரும்பாலான குழுக்களுக்குப் பொருந்தும். தேசிய சேவையில் இருக்கும் தம்பிமார் வெள்ளி இரவுதான் முகாமிலிருந்து வீட்டுக்கு வருவார்கள். துணைப்பாட வகுப்புக்கு ஓடும் பிள்ளைகளுக்கும் சனிக்கிழமை பிற்பகலில்தான் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

காசு கொடுத்து முன்கூட்டியே படிப்பவர்கள் தனிக் கணக்கு. செயலியில் ‘நாணயம்’ வாங்கி மூன்று அத்தியாயம் முன்னால் போனவர் எவ்வளவு அடக்கிப் பேசினாலும் ‘பார்க்கலாம் பார்க்கலாம்’ என்று சிரிக்கும் சிரிப்பிலேயே விஷயம் கசியும். குழுவின் கடிகாரம் இலவச அத்தியாயத்தைப் பொறுத்தது என்று முதலிலேயே தீர்மானியுங்கள். முன்னால் போனவர்கள் மூன்று பேருக்கு மேல் இருந்தால் அவர்களுக்கு வேறு குழு அமைத்துவிடுங்கள்.

செய்தி எழுதும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. டெலிகிராமில் சொற்களைத் தேர்ந்தெடுத்து ‘ஸ்பாய்லர்’ என்று மறைக்கலாம். படத்தையும் மங்கலாக்கி அனுப்பலாம். கதைப்பகுதி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ‘டாபிக்’ திறக்கலாம் என்பதால் இந்த வேலைக்கு அதுவே வசதி. வாட்ஸ்அப்பை விடமாட்டோம் என்பவர்கள், செய்தியின் முதல் வரியில் அத்தியாய எண்ணை மட்டும் எழுதி, நாலைந்து வரி வெற்றாக விட்டு, அதன்பின் விஷயத்துக்கு வர வேண்டும். பூட்டிய ஃபோன் திரையில் எட்டிப் பார்ப்பது முதல் வரிகள்தான். எம்ஆர்டி ரயிலில் நிற்கும்போது கண்ணில் படுவதும் அதுதான்.

எந்தக் கட்டம் என்று சொல்லுங்கள்

மிகுபுனைவுக் காமிக்கில் ஓவியர் வசனத்தில் சொல்லாததைப் பின்னணியில் வரைந்து வைத்திருப்பார். வசனத்தை மட்டும் படித்துக்கொண்டே விரலால் தள்ளிவிடுபவர்களோடு விவாதிப்பது வீண். பேச்சு படத்தைத் தொட்டு நடக்க வேண்டுமென்றால், எந்தப் படம் என்று எல்லோரும் ஒரே மாதிரி குறிப்பிட வேண்டும். பக்கம் பக்கமாக வரும் காமிக்கில் பக்க எண் இருக்கும், சிக்கலில்லை. செங்குத்தாக ஓடும் தொடர்களில் பக்கமே கிடையாது. ‘நடுவுல ஒரு இடத்துல’ என்றால் யாருக்கும் புரியாது. மேலிருந்து எண்ணலாமென்றால், எல்லையில்லாத படங்களை ஒருவர் ஒன்றாக எண்ணுவார், இன்னொருவர் இரண்டாக எண்ணுவார். பத்தாவது கட்டத்துக்குள் கணக்கு பிசகிவிடும்.

வசனத்தைக் கொக்கியாகப் பிடிப்பதே சரியான வழி. அத்தியாய எண், அருகிலுள்ள வசன பலூனின் முதல் இரண்டு சொல், அதற்கு மேலே அல்லது கீழே எத்தனையாவது படம். இப்படி:

‘அ.47 / “யாரங்கே நில்” / கீழே 2: கதவுக்குப் பின்னால் தெரியும் மோதிரத்தைப் பாருங்கள். அ.12இல் செத்துப்போனவர் கையில் இருந்தது.’

இந்த அளவுக்கு எழுதினால் எதிராளி பதினைந்து விநாடியில் அந்த இடத்துக்குப் போய்விடுவார். ஸ்கிரீன்ஷாட் எதற்கு என்று பிறகு தோன்றும்.

ஒருவர் நோட்டு வைத்திருக்கட்டும்; பகிர்ந்துகொள்ளும் விரிதாளாக இருந்தாலும் சரி. தியரி (கதையைப் பற்றிய ஊகம்), சொன்னவர், சொன்ன தேதி, ஆதாரக் கட்டம், நிலை என ஐந்து பத்தி போதும். ஆதாரம் இரண்டு கட்டமாவது இல்லாமல் தியரியைப் பதியாதீர்கள். நிலை ‘திறந்திருக்கிறது’, ‘பலித்தது’, ‘கவிழ்ந்தது’ ஆகிய மூன்றில் ஒன்று. தேதிப் பத்தியை விட்டுவிட்டால், பலித்ததும் ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று நாலு பேர் கிளம்புவார்கள்.

பெயர் வைப்பதில் அவசரம் வேண்டாம்

பேசப் பேச ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ப் பெயர் தானாக முளைக்கும். அதை ஒழுங்குபடுத்தினால் விவாதத்தின் தரமே மாறிவிடும். எல்லா ‘மேஜிக்’கையும் ‘மந்திரம்’ என்றும், அதைச் செய்பவர்கள் எல்லோரையும் ‘மந்திரவாதி’ என்றும் தள்ளிவிடுவது பரவலான தவறு. தமிழில் மந்திரவாதி என்றதும் மண்டையோடும் எலுமிச்சம்பழமும் நினைவுக்கு வருகின்றன. கதாநாயகனுக்கு அது ஒட்டாது. சக்தி எப்படி இயங்குகிறது என்று பார்த்துப் பெயர் வைக்க வேண்டும். வாயால் உச்சரித்துச் செய்தால் மந்திரம். கண்ணை ஏமாற்றினால் மாயம். பிறருக்குக் கேடு செய்ய ஏவினால் சூனியம். தரையில் வட்டம் போட்டு எழுத்து வரைந்தால் யந்திரம், தகடு. பயிற்சியால் படிப்படியாகக் கிட்டினால் சித்தி. நம் மரபிலேயே எட்டு வகை இருக்கிறது, நிலைநிலையாக ஏறும் கொரியத் தொடர்களுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தும். மேலிருப்பவர் தந்தால் வரம்; அதில் ஒரு கண்ணி மறைந்திருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழுக்கு ‘இரும்புக்கை மாயாவி’ என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலத் தலைப்பில் எஃகுக் கை மட்டும்தான் உண்டு. மின்சாரம் பாய்ந்தால் நாயகன் மறைந்துவிடுவான் என்ற சங்கதியைத் தமிழ்ப் பெயர் ‘மாயாவி’ என்ற ஒரே சொல்லில் சேர்த்துக்கொண்டது. அதுதான் அளவுகோல்.

எல்லாவற்றையும் தமிழாக்கியே தீர வேண்டுமென்பதும் இல்லை. கூர்காதுள்ள மாய இனமான எல்ஃபைத் ‘தேவதை’ என்றால் தவறான படம் மனத்தில் விழும். எல்ஃப் என்றே இருக்கட்டும். டிராகனை ‘யாளி’ என்பவர்களும் உண்டு. யாளிக்குச் சிங்க உடலும் பெரும்பாலும் துதிக்கையும் இருக்கும், அது வேறு மிருகம். டிராகனிலும் இரண்டு வகை என்பது இங்கே வளர்ந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சீனப் புத்தாண்டு டிராகன் இறக்கையில்லாமல் மழைக்கும் மங்கலத்துக்கும் உரியது. மேற்கத்திய டிராகன் இறக்கையோடு நெருப்பைக் கக்கும். தோ பாயோவில் 1979 முதல் நிற்கும் விளையாட்டிடத்து டிராகன் முதல் வகை. உங்கள் காமிக்கின் டிராகன் எந்த வகை என்று முதல் வாரமே குறித்துக்கொண்டால், நாயகனின் சாபம் நீரால் தீருமா நெருப்பால் தீருமா என்ற தியரிக்கு அடித்தளம் கிடைக்கும்.

கொரியத் தொடர்களில் இன்னொரு புதையல் உண்டு. மூலத்தில் தம்பி அண்ணனை ‘ஹியோங்’ என்பான். ஆங்கிலத்தில் அது வெறும் பெயராகச் சுருங்கிவிடும். நாம் வசனத்தைச் சொல்லிக்காட்டும்போது நீயா நீங்களா என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். அந்த முடிவையே விவாதமாக்குங்கள். அரசியிடம் ஒற்றன் ‘நீ’ என்பானா, ‘நீங்கள்’ என்பானா? ‘நீ’ என்றால் அவர்களுக்குள் பழைய உறவு ஏதோ இருக்கிறது என்று நீங்கள் வாதாடுகிறீர்கள். கட்டம் காட்டி நிரூபியுங்கள். ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தால் இருபது நிமிடம் போவதே தெரியாது.

வேகமும் சந்திப்பும்

குழுவுக்கு 5 முதல் 8 பேர் சரி. பத்துக்கு மேல் போனால் நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பழைய அத்தியாயங்களைப் பிடிக்கும் காலத்தில் வாரத்துக்கு 8 வீதம் வைத்தால் 120 அத்தியாயத் தொடர் 15 வாரத்தில் முடியும். வாரம் 20 என்று ஆசைப்பட்டால் மூன்றாம் வாரமே பாதிப் பேர் படிக்காமல் வருவார்கள். வாரம் மூன்று பக்கம் மட்டும் வரும் காமிக்குக்கு ஒவ்வொரு பக்கத்தையும் கிளறாதீர்கள். ஒரு காட்சி முடியட்டும்.

நேரில் கூடுவது மாதம் ஒருமுறை போதும். நூலகத்தின் திறந்த பகுதியில் சத்தமாக வாதாட முடியாது. உணவங்காடி என்றால் பிற்பகல் 3 மணிக்குப் போங்கள். சாப்பாட்டு நேரத்தில் டிஷ்யூ பாக்கெட் வைத்து மேசை பிடித்தாலும் அரைமணிக்குமேல் உட்கார மனசாட்சி விடாது.

வீட்டில் கூடித் தொலைக்காட்சியில் போட்டுப் பார்ப்பவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். செங்குத்துத் தொடர்களின் படம் வழக்கமாக 800 பிக்சல் அகலம்; ஓர் உயரமான படம் 1280 வரை எளிதாகப் போகும். 1920×1080 திரையில் 100 விழுக்காட்டில் வைத்தால் அதில் ஆறில் ஒரு பங்கு வெட்டுப்படும். பிரவுசரை 80 விழுக்காட்டுக்குக் குறைத்து, எஃப்11 அழுத்தி முழுத்திரையாக்கினால் உயரம் 1024 ஆகி அடங்கிவிடும். அப்படியும் அடங்கவில்லையென்றால் மடிக்கணினியின் திரை அளவீடு 125 அல்லது 150 விழுக்காட்டில் இருக்கும். அதை 100க்குக் கொண்டுவாருங்கள். ஸ்பேஸ் பாரைத் தட்டாதீர்கள், ஒரு திரை முழுதும் தாவிவிடும். கட்டங்களுக்கு இடையே விட்டிருக்கும் வெற்றிடம்தான் அந்த வடிவத்தில் மௌனம், காத்திருப்பு, அடி விழும் முன்நொடி எல்லாம். கீழ்நோக்கிய அம்புக்குறியை மெல்ல அழுத்திக்கொண்டே வரவேண்டும்.

படத்தைப் பகிர்வதில் அளவோடு இருங்கள். சிங்கப்பூரில் 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள பதிப்புரிமைச் சட்டம் விமர்சனத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. படைப்பின் பெயரையும் படைப்பாளியின் பெயரையும் போட வேண்டும். ஒரு வாதத்துக்கு ஒன்றிரண்டு கட்டம் போதும். முழு அத்தியாயத்தையும் வெட்டி ஒட்டிக் குழுவில் போடுவதும், தமிழ் வசனம் எழுதி வெளியில் விடுவதும் அந்த வரம்பில் அடங்காது. ஓவியருக்குப் போகவேண்டிய பார்வைக் கணக்கும் குறைந்துபோகும். இணைப்பை அனுப்புங்கள்.

தொடர் இடைவேளை விடும்போது குழு ஓய்ந்துபோகும். அந்த நேரத்தில் முதல் 10 அத்தியாயங்களை வசனம் படிக்காமல் படத்தை மட்டும் பார்த்து மறுவாசிப்பு செய்யுங்கள். ஒவ்வொருவரும் பின்னணியில் மூன்று பொருளைக் கண்டுபிடித்து வரவேண்டும். விரிதாளில் ‘திறந்திருக்கிறது’ என்று நிற்கும் தியரிகளை இதோடு ஒப்பிட்டால் பாதி கவிழும். தொடர் திரும்பும் வாரம் பத்து வரிச் சுருக்கம் ஒன்றை எழுதிப் பின் செய்யுங்கள். புதிதாகச் சேர்பவர்கள் முதலில் படிப்பது அதைத்தான். ஆகவே அதை எழுதுபவர் ‘அவர் பட்டியலை’ப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வினைமுற்றையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு அனுப்பட்டும்.