குண்டுமணித் தங்கமும் சிக்க: பல்ஸ் டிடெக்டரை வேகப்படுத்தும் முறை

கிட்டாக வாங்கிச் சேர்த்த, உலோகம் கண்டுபிடிக்கும் பல்ஸ் இண்டக்‌ஷன் டிடெக்டர் ஒரு சவரன் மோதிரத்தைச் சுலபமாகப் பிடித்துவிடும். குண்டுமணி அளவு தங்கத் துணுக்கை விட்டுவிடும். பவர் போதாததால்தான் என்று பலர் பேட்டரியை மாற்றுகிறார்கள். உண்மையில் தகராறு நேரத்தில் இருக்கிறது. இந்தக் கருவி காயிலில் ஒரு மின் பல்ஸை விட்டு நிறுத்தி, அதனால் உலோகத்தில் எழும் மின்னோட்டத்தின் எதிரொலியைச் சற்று நேரம் (டிலே) கழித்து அளக்கிறது (சாம்பிள்). சின்னத் துணுக்கில் எழும் சுழல் மின்னோட்டம் சில மைக்ரோசெகண்டுகளில் அடங்கிவிடும். துணுக்கின் டைம் கான்ஸ்டன்ட் (மின்னோட்டம் 37 சதவீதமாகக் குறைய ஆகும் நேரம்) 3 மைக்ரோசெகண்டு என்று வையுங்கள். பல்ஸ் நின்று 15 மைக்ரோசெகண்டு கழித்துச் சாம்பிள் எடுத்தால் 0.7 சதவீதம்தான் மிஞ்சும். 10-ல் எடுத்தால் 3.6 சதவீதம். ஐந்து மடங்கு லாபம். வோல்டேஜை இரட்டிப்பாக்கினால் அதிகபட்சம் இரண்டு மடங்குதான். அதோடு காயில் அடங்க இன்னும் நேரமாகும்.

அதற்காக டிலே பாட்டை (டிலேயை மாற்றும் திருகு ரெசிஸ்டரை) மட்டும் திருகி 10-க்குக் கொண்டுவராதீர்கள். காயில் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப், பல்ஸ் நின்றதும் எழும் பெரிய வோல்டேஜில் திணறி இன்னும் சாச்சுரேஷனிலேயே இருக்கும். எந்தச் சிக்னலும் வராது. டிலே கடைசி வேலை.

முதல் வேலை காயில். 20 செ.மீ. விட்டத்தில் டெஃப்லான் வயரால் 27 சுற்று போட்டால் 300 மைக்ரோஹென்றியை ஒட்டி வரும். 18 மீட்டர் வயர் போதும். எல்சிஆர் மீட்டரில் பார்த்து ஒரு சுற்று கூட்டுங்கள், குறையுங்கள். எனாமல் வயரை நெருக்கிக் கட்டினால் சுற்றுகளுக்கிடையே கபாசிட்டன்ஸ் ஏறும், காயில் அடங்கத் தாமதமாகும். டெஃப்லானின் தடித்த உறைதான் இங்கே உதவுகிறது. வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் ஷீல்டை வயருக்கு 3 மி.மீ. தள்ளிப் போடுங்கள், ஷீல்டின் வட்டத்தில் ஓரிடத்தில் 1 செ.மீ. இடைவெளி விடுங்கள், முழு வட்டமாக மூடினால் அதுவே ஷார்ட்டான ஒரு சுற்று. தடித்த அலுமினியத் தாள் வேண்டாம், 10 மைக்ரோசெகண்டில் அதுவே சிக்னல் தரும். கிராஃபைட் பெயின்ட் நல்லது. போல்ட், நட் எல்லாம் பிளாஸ்டிக்.

காயிலிலிருந்து போர்டுக்குப் போகும் கேபிளின் கபாசிட்டன்ஸையும் கவனியுங்கள். ஆர்ஜி-58 மீட்டருக்கு 100 பிகோஃபாரட். ஆர்ஜி-62 அதில் பாதிக்கும் குறைவு. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் கேட்கும்போது நம்பரைப் பார்த்து வாங்குங்கள், டிவி கேபிள் என்று கேட்டால் எதையாவது கொடுத்துவிடுவார்கள்.

அடுத்து, பல்ஸை ஆன்-ஆஃப் செய்யும் மாஸ்ஃபெட். ஐஆர்எஃப்740 போன்றவற்றின் அவுட்புட் கபாசிட்டன்ஸ் காயிலோடு சேர்ந்து அடங்குவதை இழுத்தடிக்கும். என்-சேனல் மாஸ்ஃபெட் கிரவுண்டு பக்கம் சுவிட்ச் செய்யும் போர்டில் யூஎஃப்4007 டயோடு ஒன்றைத் தொடராகப் போடுங்கள்: ஆனோடு காயில் பக்கம், கேத்தோடு டிரெயின் பக்கம். காயிலின் ஆட்டத்தை அடக்கும் டாம்பிங் ரெசிஸ்டர் காயில் பக்கமே இருக்க வேண்டும். டிரெயினில் 300, 400 வோல்ட் வரை எழும். கை வைக்காதீர்கள், சாதாரண புரோபையும் வைக்காதீர்கள்.

டாம்பிங் மதிப்பைக் குத்துமதிப்பாகப் போடுவதுதான் பெரும்பாலும் வேலையைக் கெடுக்கிறது. கேபிளோடு காயிலை 100 கிலோ ஓம் வழியே ஃபங்ஷன் ஜெனரேட்டரில் இணைத்து, ஆசிலோஸ்கோப்பில் காயிலின் அலை உச்சம் தொடும் அதிர்வெண்ணைக் குறியுங்கள். அதை இண்டக்டன்ஸாலும் π-ஆலும் (3.14) பெருக்கினால் தேவையான ஓம் கிடைக்கும். 600 கிலோஹெர்ட்ஸ், 300 மைக்ரோஹென்றி என்றால் 565 ஓம். ஆனால் இன்வெர்ட்டிங் ப்ரீஆம்பின் 1 கிலோ ஓம் இன்புட் ரெசிஸ்டரும் இதோடு பேரலலாக நிற்கிறது. அதைக் கழித்தால் போடவேண்டியது 1.3 கிலோ ஓம். 2 கிலோ ஓம் கார்பன் பாட் வைத்து ப்ரீஆம்ப் அவுட்புட்டை ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். கோடு பூஜ்யத்தைத் தாண்டி ஆடினால் ஓம் அதிகம். வால் நீண்டு சோம்பலாக இறங்கினால் குறைவு. சரியான இடம் கிடைத்ததும் அளந்து, இரண்டு மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களைத் தொடராகச் சால்டர் செய்யுங்கள். ஒற்றை ரெசிஸ்டர் அத்தனை வோல்டேஜ் தாங்காமல் போகலாம். வயர்-வவுண்டு வேண்டாம்.

ப்ரீஆம்ப்பும் தடைதான். 22 பிகோஃபாரட் காம்பென்சேஷனோடு என்ஈ5534 ஆப்-ஆம்ப்பின் கெயின்-பேண்ட்வித் (பெருக்கத்தையும் அலைவரிசை அகலத்தையும் பெருக்கிய மதிப்பு) 10 மெகாஹெர்ட்ஸ். கெயின் 1000 என்றால் பேண்ட்வித் 10 கிலோஹெர்ட்ஸ். அதன் டைம் கான்ஸ்டன்ட்டே 16 மைக்ரோசெகண்டு! 1 மெகா ஓம் ஃபீட்பேக்கை 220 கிலோ ஓமாக்குங்கள், 3.5-க்கு இறங்கும். இழந்த கெயினை அடுத்த ஸ்டேஜில் கூட்டிக்கொள்ளலாம்.

இப்போது டிலே. ப்ரீஆம்ப் கோடு தட்டையாகும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் சாம்பிளை வையுங்கள்.

சோதனைக்கு ஆசாரியிடம் உருக்கிய 0.2 கிராம் தங்கமணி போதும். மெரினாவின் ஈர மணலில் 10 மைக்ரோசெகண்டு டிலேயோடு போனால் உப்புநீரே சத்தம் போடும்; அது பழுது அல்ல. இரும்புச் சத்துள்ள மண்ணில் எப்படி இருக்கும் என்று பார்க்க, செங்குன்றத்துச் செம்புறைக் கல்லையோ சுட்ட செங்கல்லையோ காயிலருகே காட்டுங்கள். கத்தினால், கிரவுண்டு பேலன்ஸ் (மண்ணின் சிக்னலைக் கழிக்கும் வசதி) இல்லாத போர்டில் டிலேயைக் கொஞ்சம் கூட்டுவதே வழி. சின்னத் துணுக்கில் கொஞ்சம் இழப்பீர்கள்.

நீலகிரியின் தேவாலா, பந்தலூர் பக்கம் 1880-களில் தங்கச் சுரங்கங்கள் தோண்டப்பட்டன. அங்கே கிளம்புமுன், 1957-ம் ஆண்டுக் கனிமச் சட்டப்படி உரிமமின்றித் தங்கம் தேடக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். வனப்பகுதிக்குத் தனி அனுமதி வேண்டும். பழங்காலப் புதையல் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாகச் சிக்கினால், 1878-ம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டரிடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.