ஜிம்னி: முதல் செலவு டயருக்கு
சுசுகியின் நான்கு சக்கர இயக்க வண்டியான ஜிம்னி வாங்கியதும் பம்பர், லைட் பார் என்று ஓடாதீர்கள், முதல் பணம் டயருக்குத்தான். கம்பெனி டயரின் அளவு 195/80 ஆர்15. அதை 215/75 ஆர்15 ஏ.டி. (எல்லா வகைத் தரைக்கும் ஏற்ற) டயராக மாற்றினாலே சேற்றிலும் கல்லிலும் பிடிப்பு கூடுவதை நீங்களே உணர்வீர்கள்.

மணலில் இறங்கும் முன் டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ. வரை குறைத்து, 4எச் (நான்கு சக்கரமும் இயங்கும் வேக நிலை) போட்டு, ஆக்சிலரேட்டரை ஒரே சீராக மிதித்துப் போங்கள், நடுவில் நின்றால் புதைந்துவிடும். மணல் ரொம்ப ஆழம் என்றால் 4எல் (நான்கு சக்கரமும் இயங்கும், வேகம் குறைந்து இழுவை கூடும் நிலை). அதற்கு வண்டியை நிறுத்தித்தான் மாற்ற வேண்டும், அதனால் முன்னமே முடிவு செய்யுங்கள். தார்ச்சாலை ஏறும் முன் காற்றைத் திரும்ப நிரப்ப ஒரு சின்ன கம்ப்ரஸர் கட்டாயம்.

அப்புறம், கடற்கரைக்குப் போய் வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். சேஸிஸ் சட்டத்தின் ஓட்டைகளுக்குள் தங்கும் உப்புதான் துருவுக்கு ஆரம்பம். ரேடியேட்டரில் மட்டும் பிரஷர் வாஷரை அருகில் வைத்து அடிக்க வேண்டாம், தகடுகள் மடங்கிவிடும்.