சக்கர நாற்காலியோடு கப்பல் ஏறுவது எப்படி

கிரீஸ் நாட்டின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கிரீட் தீவுக்குப் போகிறீர்களா? டிக்கெட் எடுக்கும்போதே உங்கள் தேவையைச் சொல்லிவிடுங்கள். பிந்தினாலும், புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன்பாவது தெரிவித்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 சட்டப்படி, ஏற்றி இறக்கும் உதவிக்குக் கட்டணம் கிடையாது. பாதுகாப்பு விதியோ கப்பல், துறைமுக அமைப்போ இடம் தராவிட்டால் மட்டுமே கப்பல் நிறுவனம் உங்களை ஏற்ற மறுக்கலாம். காரணத்தையும் சொல்ல வேண்டும். துணையாள் கட்டாயம் என்று அந்த நிறுவனமே சொன்னால், துணையாளுக்குப் பயணம் இலவசம்.

ஒருமுறை, வண்டிகள் நிற்கும் தளத்தில் யாரோ இழுத்துப் போட்டதில் என் நாற்காலியின் கால்தாங்கி வளைந்துவிட்டது. கரை இறங்கும் முன்பே படம் எடுத்தேன்; ஊழியரிடம் எழுதியும் வாங்கினேன். கப்பல்காரர் தவறென்றால் பழுதுபார்க்கும் செலவு அவருடையது. புகாரை 2 மாதத்துக்குள் எழுத்தில் அனுப்புங்கள். தொலைபேசியில் கத்தி நான் ஒருநாளைத் தொலைத்ததுதான் மிச்சம்.