‘டைம் இஸ் தி எசென்ஸ்’ என்ற வரியைப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் நிலத்துக்கோ மாந்தோப்புக்கோ கிரய உடன்படிக்கை எழுதும்போது, ‘டைம் இஸ் தி எசென்ஸ் ஆஃப் தி கான்ட்ராக்ட்’ என்ற வரி இருந்தால், கெடு நாளையும், அது தவறினால் அட்வான்ஸ் தொகை என்னவாகும் என்பதையும் தமிழிலேயே தெளிவாக எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள். ‘காலம் பொன் போன்றது’ என்கிற அறிவுரையாக எண்ணிச் சிலர் அதைக் கடந்துவிடுகிறார்கள். குறித்த நாளுக்குள் செய்வதே ஒப்பந்தத்தின் உயிர்நிலை என்பதுதான் அதன் பொருள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி, இரு தரப்பாரின் நோக்கமும் அதுவாக இருந்து ஒருவர் கெடு தவறினால், நிறைவேறாத பகுதியை மற்றவர் ரத்து செய்துகொள்ளலாம். அந்த நோக்கம் இல்லையெனில் தாமதத்தால் நேர்ந்த நட்டத்துக்கு ஈடு மட்டுமே கேட்க முடியும்.

ஆனால் நிலக் கிரயத்தில் இந்த ஒரு வரியை மட்டும் நம்பியிருக்க முடியாது. அங்கே காலம் முக்கியம் என்று நீதிமன்றங்கள் தாமாக ஊகிப்பதில்லை. மற்ற ஷரத்துகளையும் இரு தரப்பாரின் நடத்தையையும் சேர்த்தே பார்க்கின்றன என்பதால், கெடு முடிந்த பிறகு மறுப்பின்றிப் பாக்கிப் பணத்தை வாங்கிக்கொண்டால் அந்த வரி வலுவிழக்கக்கூடும். மாங்கூழ் ஆலைக்குப் பழம் தருவது வேறு விஷயம்: அழுகும் சரக்கு என்பதால், அந்த வரியை எழுதாவிட்டாலும் காலம் முக்கியமென்றே பெரும்பாலும் கொள்ளப்படும்.